வயிற்றுக்கு விடுமுறை

இன்றைக்கும் எனக்குப் பசிக்கவில்லை. சொன்னால் மாமா சந்தோஷப்படுவார். அதனால்தான் சொல்லப் போவதில்லை. அவர் சந்தோஷப்பட்டால் நாலு பேரிடம் சொல்வார். அந்த நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கும்போது எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காரும். அது நிமிர்வது எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

இப்படி நினைத்தபடி அவள் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, அடுக்கிலிருந்து அடுத்த தாளைப் பிரித்தாள். அதைத் தாள் என்று சொல்வது பழக்கத்தில்தான். பேட்டரிக்குள் ஒரு ஈயத் தகடு இன்னொன்றைத் தொட்டுவிடாமல் இடையில் செருகும் மெல்லிய தடுப்பு அது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். உலர்ந்த விரலுக்குப் பிரியாது. அந்த ஷெட்டில் எல்லாருமே எச்சில் தொட்டுத்தான் பிரிப்பார்கள். நாக்கில் லேசாக ஓர் இனிப்பு ஒட்டும். காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்து உட்கார்ந்தால் அந்த இனிப்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

ஷெட் வீட்டின் பின்புறச் சுவரை ஒட்டியே இருந்தது. செத்துப்போன பேட்டரிகளை வாங்கி, உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி, தகடு மாற்றி, மறுபடி உயிர் கொடுத்து விற்பதுதான் குடும்பத் தொழில். கணவனும் அவனுடைய அண்ணனும் உடைப்பார்கள், அடுக்குவார்கள். உருக்கும் சட்டிக்கு முன்னால் நிற்பவருக்குக் கவர்னர் என்று பெயர். தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, அதை ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு ஈயத்தைக் கலக்குபவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? சாயங்காலம் அந்தச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, உள்ளிருந்து பொடி பறந்து வெயிலில் மினுங்கும். அழகாகக்கூட இருக்கும்.

"என்னம்மா, மணி ஆகுதா?" என்றார் கவர்னர், சட்டியைப் பார்த்தபடி.

"இன்னும் நேரம் இருக்கு."

"இருக்கும் இருக்கும். என் வயிறு காலையிலேயே சங்கு ஊதிடுச்சு. அதுக்கு லீவுன்னு சொல்லிப் பார்த்தேன். சம்பளத்தோட லீவா, சம்பளம் இல்லாமலான்னு கேக்குது."

அவள் சிரித்தாள். பெரியவர் காதில் விழுந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். வயிற்றுக்கு லீவு என்பது அவருடைய வார்த்தைதான்.

பெரியவர் என்று எல்லாரும் சொல்வது அவள் கணவனின் அண்ணனை. அவள் மட்டும் மாமா என்பாள். போன வருஷம் வரை வயிற்று வலியால் துடித்துக்கொண்டிருந்தவர் அவர். தொப்புளைச் சுற்றி யாரோ துணி பிழிவதுபோல் வலிக்கும், கட்டிலில் சுருண்டுவிடுவார். புண் என்றார்கள், வாயு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் ஒரு மண்டபத்தில் யாரோ உடல்நலம் பற்றிப் பேசுவதைக் கேட்டுவிட்டு முகம் தெளிந்து வந்தார். உடம்பு தன் அழுக்கைத் தானே கழுவிக்கொள்ளுமாம். நாம்தான் ஓயாமல் தின்று அதற்கு அவகாசம் கொடுப்பதில்லையாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாள் மதியம் தாண்டும் வரை தண்ணீர் மட்டும் என்று ஆரம்பித்தார். தொப்பை கரைந்தது. சர்க்கரை இறங்கியது. இதெல்லாம் பொய்யில்லை. வலி மட்டும் வந்து வந்து போனது. அது அழுக்கு வெளியேறுகிற வலி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு அது வீட்டின் ஒழுங்கானது. காலையில் அடுப்பு பற்றவைப்பதில்லை. ஷெட்டுக்கு முன்பெல்லாம் பத்து மணிவாக்கில் டீயும் பன்னும் வரும். அதுவும் நின்றது. டீ வரும்போதெல்லாம் எல்லாரும் வாசல் குழாயில் வரிசையாக நின்று முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார்கள், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் தெளித்து விளையாடுவார்கள். சாப்பாடே இல்லை என்றான பின் கையை எதற்குக் கழுவ வேண்டும்? குழாயடியில் சோப்புக்கட்டி காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அவளும்தான்.

அந்த ஒழுங்கில் எல்லாரையும்விட நன்றாகப் பொருந்திப்போனவள் அவள்தான். கணவன் மதியத்துக்கு முன்பே சிடுசிடுப்பான். கவர்னர் வயிற்றோடு பேசுவார். பெரியவரின் மனைவி, அவளுடைய ஓரகத்தி, வாயே திறக்க மாட்டாள். ஆனால் திறந்தால் விஷமாக ஏதாவது வரும். அவளுக்கு மட்டும் பசி ஒரு தனி அறையைப் போலிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் தட்ட மாட்டார்கள். பிறந்த வீட்டில் நிறையப் பிள்ளைகள். ஒரு தட்டு குறைந்தால், "எனக்கு வேண்டாம்மா" என்று முதலில் சொல்பவள் அவள். அப்போது அம்மா அவள் தலையில் கை வைப்பாள். அந்தக் கையின் கனம் சோற்றைவிட நிறைவாக இருந்தது. எதையும் கேட்காமல் இருப்பதே நல்லவளாக இருப்பது என்று அவள் உடம்பு கற்றுக்கொண்டது. புகுந்த வீட்டில் அதற்கு ஒரு பெயரும் மரியாதையும் கிடைத்தபோது, அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இந்த வீட்டுல இதோட அருமை தெரிஞ்சவ இவ ஒருத்திதான்" என்பார் பெரியவர்.

"ஆமா, எங்களுக்கெல்லாம் அருமை தெரியாது, எருமைங்க" என்பாள் ஓரகத்தி, தையல் மிஷினின் முன்னால் உட்கார்ந்தபடி.

தாள் பிரிப்பவளுக்கு ஒரு பெண். நாலு வயது முடியப் போகிறது. பிறந்தபோது கன்னமும் கையும் காலும் உருண்டை உருண்டையாக இருந்ததால் உருண்டை என்றே கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் பெரியவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குழந்தையைத் தோளில் இருந்து இறக்கவே மாட்டார். ஷெட்டுக்கு வந்தால் மடியில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். உருக்கி ஊற்றிய ஈயம் ஆறியபின், நிலா மாதிரி ஒரு துண்டு எடுத்து விளையாடக் கொடுப்பார்.

இப்போது உருண்டையை யாரும் அந்தப் பெயருக்காகப் பார்த்துச் சிரிப்பதில்லை. கழுத்து நீண்டுவிட்டது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்காருகிறாள். ஷெட்டைப் பார்த்த ஜன்னலின் விளிம்பை நக்குகிறாள். அதட்டினால், "இனிக்குதும்மா" என்கிறாள். போன மழைக்காலத்தில் தலைகீழ்ப் பாடமாகச் சொன்ன பாட்டில் இரண்டாவது வரிக்கு வந்ததும் நின்றுவிடுகிறாள். நின்று, அம்மாவின் முகத்தையே பார்க்கிறாள், அந்த வரியை அம்மா எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டதுபோல.

அன்று மதியம் நெருங்கும்போது கவர்னரின் கரண்டி கீழே விழுந்தது.

நல்லவேளை, அதில் ஈயம் இல்லை. தரையில் உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. கவர்னர் குனியவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டுக்குக் கீழே கை தளர்ந்து தொங்கியது, நனைந்த துணியை ஆணியில் மாட்டியதுபோல.

"என்ன கவர்னரே, கையெழுத்துப் போட்டுப் போட்டு ஓஞ்சு போச்சா?" என்றான் அவள் கணவன்.

"தூக்கு தூக்குன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குது" என்றார் கவர்னர். இடது கையால் வலது கையை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். விட்டதும் அது மறுபடி தொங்கியது. அவர் சிரிக்க முயன்றபோது ஈறுகளின் ஓரம் நீலம் கலந்த சாம்பல் கோடு ஒன்று தெரிந்தது. அவள் அதற்கு முன்பும் அதைப் பார்த்திருக்கிறாள். வெற்றிலை, புகையிலை ஏதோ என்று நினைத்திருந்தாள். இன்றுதான், இந்த மனிதர் அப்படி எதையும் வாயில் போட்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

பெரியவர் வந்து கவர்னரின் கையைத் தடவிக்கொடுத்தார். "நரம்புல இருக்கிற அழுக்கு இறங்குது. ரெண்டு நாள் படுத்துக்க. சாப்பாட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடு, சரியாயிடும்."

கவர்னர் தலையாட்டினார். ஆணியிலிருந்த சட்டையை ஒரு கையால் எடுக்கத் தடுமாறினார். அவள் எழுந்து போய் மாட்டிவிட்டாள். பொத்தானைப் போடும்போது அவளுக்கு அவர் மூச்சு கேட்டது. "பயமா இருக்கும்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

மறுநாள் அவள் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. பள்ளியில் உருண்டை எந்நேரமும் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பியதால், போன வாரம் ரத்தம் எடுத்திருந்தார்கள். சோகையாக இருக்கும், டானிக் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா நடுவயதுக்காரி. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தாள். இவள் சுட்டிக்காட்டியதும், டாக்டரம்மா "எல்லாம் தலைக்கு ஏறிடுச்சு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு குழந்தையைப் பார்த்ததும் அடங்கியது.

"வீட்டுல என்ன தொழில்?"

சொன்னாள்.

"வீட்டுக்குள்ளயேவா?"

"பின்னால. சுவர் ஒண்ணுதான்."

"காலையில பாப்பா என்ன சாப்பிட்டா?"

"மதியம்தான் சாப்பிடுவா. எங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தான்." சொல்லும்போதே தன் குரலில் ஒரு பெருமை இருப்பது அவளுக்குக் கேட்டது. அவசரமாக அதைத் துடைத்தாள். "உடம்புக்கு நல்லதுன்னு..."

டாக்டரம்மா உருண்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கண் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெளுத்திருந்தது.

"பாப்பா ரத்தத்துல ஈயம் இருக்கு. இருக்கவே கூடாதது, நிறைய இருக்கு. பொடியா வாய் வழியா போயிருக்கு. கையில, துணியில, ஜன்னல்ல, எல்லா இடத்துலயும் இருக்கும். வயிறு நிறைஞ்சிருந்தா அதுல கொஞ்சம்தான் ரத்தத்துக்குப் போகும், மிச்சம் வெளிய போயிடும். வெறும் வயித்துல அப்படியில்லை. ஈயம் சுண்ணாம்புச் சத்து மாதிரி, இரும்புச் சத்து மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வரும். உடம்பு பசியில இருக்கு, வர்றது யாருன்னு பார்க்காம உள்ள கூட்டிட்டுப் போயிடும்."

"பட்டினி நல்லதுன்னு சொல்றாங்களே."

"யாருக்கு நல்லதுங்கிறது ஒண்ணு இருக்குல்ல? சர்க்கரைக்காரர் ஒருத்தர், நல்ல காத்துல உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், டாக்டர்கிட்ட கேட்டுட்டு இருந்தா அது வேற. வளர்ற பிள்ளைக்கு எங்கயும் கூடாது. உங்க வீட்டுல பெரியவங்களுக்கும் கூடாது. அப்படிச் சொன்னவங்க உங்க ஷெட்டைப் பார்த்துட்டுச் சொல்லலையே."

உருண்டை டாக்டரம்மாவின் ஸ்டெதஸ்கோப்பை வாயில் வைக்கப் போனாள். டாக்டரம்மா அதை மெதுவாக விலக்கினாள்.

"உள்ள போனது எலும்புல போய் உட்கார்ந்துக்கும். வருஷக்கணக்கா இருக்கும், தெரியவே தெரியாது. அப்புறம் உடம்புக்குச் சத்து பத்தாம போகும்போது எலும்பைக் கரைச்சு எடுக்கும். அப்போ இதுவும் கூடவே கிளம்பி வரும். பட்டினி கிடக்கிறப்போ. வயித்துல பிள்ளை இருக்கிறப்போ."

அவள் கை தானாகவே அடிவயிற்றுக்குப் போனது. டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தாள்.

"எத்தனை நாள் ஆச்சு?"

"தள்ளிப் போயிருக்கு. சாப்பிடாததால நின்னிருக்கும்னு நினைச்சேன்." அது பொய்யல்ல. அப்படித்தான் நினைத்திருந்தாள். அந்த நினைப்பில் ஒரு திருப்திகூட இருந்தது. உடம்பு அவ்வளவு தூரம் அடங்கிவிட்டதே என்று.

"வீட்டுல சொல்லலையா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"முதல் வேலை, நீயும் பாப்பாவும் அந்த வீட்டைவிட்டுக் கொஞ்ச நாள் வேற எங்கயாவது இருக்கணும். அது வரைக்கும் வயிறு காலியா இருக்கவே கூடாது. முட்டை, பால், கீரை, பழம். கையைக் கழுவாம எதையும் தொடாதீங்க. ஷெட்டுல வேலை செய்றவங்க எல்லாரையும் இங்க வரச் சொல்லு."

"பாப்பாவுக்குச் சரியாயிடுமா டாக்டர்?"

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டாள். "இனிமே ஏறாம பார்த்துக்கலாம்" என்றாள்.

கேட்டது அதுவல்ல. இருவருக்கும் தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில் உருண்டை கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடையில் ஒரு வாழைப்பழம் வாங்கி உரித்துக் கொடுத்தபோது, குழந்தை அதைத் தொடாமல் அண்ணாந்து பார்த்தாள். "பெரியப்பா திட்டுவாங்களா?"

"இல்லை."

"நீ திட்டுவியா?"

அவள் பழத்தைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

சாயங்காலம் வேலை முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தபோது சொன்னாள். டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தாள், தனக்குள் இருப்பதைத் தவிர. கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிஷின் நின்றது. பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் தங்கத்துக்கா இப்படி" என்றார். பிறகு ரொம்ப நேரம் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் தெளிந்தது. மண்டபத்திலிருந்து வந்த அன்று இருந்த அதே தெளிவு. "அந்த டாக்டரே சொல்லியிருக்காங்க பாரு. எலும்புல பதுங்கிக்கிட்டு இருக்கு, பட்டினி கிடந்தா கிளம்பி ரத்தத்துக்கு வருதுன்னு. சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க. ஆனா..."

"ரத்தத்துக்கு வந்தாத்தானேம்மா வெளிய போக முடியும்? அதான் சோதனையில தெரியுது. நாம செய்றது வேலை செய்யுது. பாதியில நிறுத்தினா திரும்ப உள்ள போய் உட்கார்ந்துக்கும். இப்பத்தான் விடாம பிடிக்கணும்."

அவர் முட்டாளாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு அவர் தவறான வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு.

"நாளைலருந்து ஒரு வாரம். வெறும் தண்ணி. நானும் இருக்கேன். நீயும் கூட இரு. நீ இருந்தா அவ இருப்பா. நான் சொன்னா அழுவா, நீ சொன்னா கேட்டுக்குவா. உன்னால முடியும்மா. இந்த வீட்டுல உன்னால மட்டும்தான் முடியும்."

அந்த ஒன்று அவளுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தது. இவ்வளவு கேட்ட பிறகும், இவ்வளவு தெரிந்த பிறகும், அது நிமிர்ந்தது. அவள் கணவனைப் பார்த்தாள்.

"அண்ணன் சொல்றதுலயும் ஒரு இது இருக்கு" என்றான் அவன், தரையிடம்.

"என்ன இது?" என்றாள் ஓரகத்தி, திரும்பாமல். "இதுன்னா எது? பேர் இருந்தா சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

பாத்திரம் கழுவும்போது ஓரகத்தி பக்கத்தில் வந்து நின்றாள். வழக்கமாக வரமாட்டாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், வெளிய விட்டுடாத. நான் ஒருநாள்கூட பட்டினி கிடந்தது இல்லை."

அவள் நிமிர்ந்தாள்.

"மிஷினுக்கு டிராயர் எதுக்கு இருக்கு? நூல்கண்டு வைக்கவா? பூரா ரஸ்க்கு. நீங்கள்லாம் ஷெட்டுக்குப் போனதும் நானும் மிஷினும் டிபன் சாப்பிடுவோம். சத்தம் கேக்கக் கூடாதுன்னு தண்ணியில நனைச்சுச் சாப்பிடுவேன்." அவள் உதடு ஒரு பக்கமாகச் சுழித்தது. "உன் பொண்ணுக்கும் குடுத்தேன். ஒருநாள் நீ அவ வாயைத் திறந்து பார்த்து, தூளைத் துடைச்சு, கொப்பளிக்க வச்ச. ஞாபகம் இருக்கா? மறுநாளிலிருந்து அவ என்கிட்ட வரலை. நல்ல பிள்ளை ஆயிட்டா. உன்னை மாதிரி."

தண்ணீர் கைமேல் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்தக் காட்சி தெளிவாக நினைவிருந்தது. குழந்தையின் கீழ் உதட்டை விரலால் இழுத்தது. அந்த விரல், அதற்குச் சற்று முன்புதான் ஷெட்டில் தாள் பிரித்துவிட்டு வந்தது.

"அக்கா" என்றாள். குழாயை மூடி, புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாத. அழறதுக்கு உடம்புல தெம்பு வேணும்" என்றாள் ஓரகத்தி. பிறகு அவள் இடுப்புக்குக் கீழே ஒரு பார்வை பார்த்தாள். "எத்தனையாவது மாசம்?"

"எப்படித் தெரியும்?"

"பெத்துக்காதவளுக்குத்தான் இதெல்லாம் முதல்ல தெரியும்."

காலையில் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பற்றவைத்த சத்தமே வீட்டில் அந்நியமாகக் கேட்டது. முட்டைகளை உடைத்து ஊற்றினாள். வெண்ணெய் உருகும் வாசனை கூடத்துக்கும், கூடத்திலிருந்து பின்கட்டுக்கும் நகர்ந்துபோனது. பசி அவளை விட்டுப் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பி வருமா என்று தெரியவில்லை. ரொட்டி, முட்டை, பால். மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். குழந்தையைக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். வெடித்துக் கிடந்த சோப்பை நனைத்து, நுரை வரும் வரை உருட்டி, சின்ன விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். பிறகு தன் விரல்களை. நகக்கண்ணில் இருந்த சாம்பல் நிறம் போகவில்லை.

பெரியவர் வந்து மேசையருகே நின்றபோது உருண்டை முதல் வாயை மென்றுகொண்டிருந்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"முழுங்கு" என்றாள் அவள்.

"என்னம்மா இது?" பெரியவர் குரல் உயரவில்லை. கெஞ்சல்தான் இருந்தது. ராத்திரி முழுக்க வலியில் புரண்டிருப்பார் போல, கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த அவருடைய கையை அவள் பார்த்தாள். விரல்கள் நிற்காமல் மெல்ல நடுங்கின. இவ்வளவு நாள் அவள் அதை முதுமை என்று நினைத்திருந்தாள். அவருக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை.

"நேத்து ஒத்துக்கிட்டியே."

"நேத்து நான் எதுவும் சொல்லலை மாமா."

"அவ நல்லதுக்குத்தானே சொல்றேன். என்னைவிட அவ மேல யாருக்கு உசிரு?"

அது உண்மை. அவள் பால் டம்ளரைக் குழந்தையின் பக்கம் நகர்த்தினாள்.

"தட்டை எடுத்துடும்மா. நீ எடுத்தா அவ அழமாட்டா."

குழந்தை அழத் தயாராக இல்லை. அதுதான் பயங்கரம். உருண்டை ஏற்கெனவே தட்டைத் தானாகவே ஓர் அங்குலம் தள்ளி வைத்துவிட்டிருந்தாள். "எனக்கு வேண்டாம்மா" என்றாள், நல்ல பிள்ளையாக.

அவள் கை குழந்தையின் தலைக்குப் போகத் துடித்தது. அந்தத் துடிப்பை அவளால் அடையாளம் காண முடிந்தது. கையைக் கீழே இறக்கி, தட்டைத் திரும்பக் குழந்தைக்கு முன்னால் இழுத்து வைத்தாள். பிறகு தன் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து, முட்டையில் தொட்டு வாயில் வைத்தாள். ருசி தெரியவில்லை. அந்த இனிப்புதான் இருந்தது, நாக்கின் அடியில், போக மனமில்லாத விருந்தாளியைப் போல. மென்றாள். பெரியவர் பார்த்துக்கொண்டிருக்க விழுங்கினாள். அவள் விழுங்குவதைப் பார்த்து உருண்டையும் விழுங்கினாள்.

பெரியவரின் முகத்தில் கோபத்தைத் தேடினாள், இல்லை. கைவிடப்பட்டவரின் முகமாக இருந்தது. அவள் தனக்குள் அந்த ஒன்று மெல்லச் சாய்ந்து படுப்பதை உணர்ந்தாள். அது சாகவில்லை. எலும்புக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும், சமயம் பார்த்துக் கிளம்பி வரும்.

"நீங்களும் உட்காருங்க மாமா" என்றாள். "முட்டை இருக்கு."

அவர் தலையை அசைத்துவிட்டுப் பின்கட்டுப் பக்கம் நடந்தார். கவர்னர் இல்லாததால் இன்று சட்டிக்கு முன்னால் அவரே நிற்கப் போகிறார். மிஷினின் டிராயர் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஓரகத்தி ரஸ்க்குப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, மேசையில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

குழந்தை பால் டம்ளரின் அடியைக் காட்டியதும், இருவரும் மறுபடி குழாயடிக்குப் போனார்கள். கணவன் ஷெட் வாசலில் நின்றான். அவன் பின்னால் சட்டியிலிருந்து முதல் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கூடத்தில், கதவோரம், தனக்கும் குழந்தைக்குமாக அவள் துணிமணி கட்டி வைத்திருந்த பையை அவன் பார்த்திருக்க வேண்டும். அதைப் பற்றி அவன் கேட்கவில்லை.

"சரி, சாப்பிட்டது சாப்பிட்டாச்சு" என்றான். "அண்ணனை நான் சமாதானப்படுத்திக்கிறேன். நீ உள்ள வந்துடு. தாள் அப்படியே கிடக்கு, பிரிக்க ஆள் இல்லை."

அவள் சோப்பை எடுத்தாள். குழந்தையின் உள்ளங்கையைத் திருப்பி, ரேகைகளின் மேல் மெதுவாகத் தேய்த்தாள்.

"நான் வரலைங்க" என்றாள்.

காற்று திரும்பியது. புகை சுவரைத் தாண்டி அவர்கள் பக்கம் வந்தது. அவள் முந்தானையால் குழந்தையின் மூக்கை மூடிக்கொண்டு, அதன் இன்னொரு கையைக் கழுவத் தொடங்கினாள்.